பட்டியலில் இல்லாத பாடம்

அவளுடைய விண்ணப்பத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பியவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயிலிருந்தாவது கேட்டால் இன்னும் மோசமாகக் காதில் விழும்.

குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் நலப்பிரிவு எழுத்தராக இருந்தேன். விடுப்பு, மருத்துவச் செலவு, ஓய்வூதியக் காகிதம் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். வருடத்துக்கு ஒருமுறை உதவித்தொகை விண்ணப்பங்களும் வரும். ஊழியர்களின் பிள்ளைகளில் ஒருவருக்கு, படித்து முடிக்கும்வரை கட்டணம், விடுதி, புத்தகம் எல்லாவற்றையும் அலுவலகமே பார்த்துக்கொள்ளும். நல்ல திட்டம். ஆனால் விதி ஐந்து என்று ஒன்று உண்டு. படிப்பு சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல் இந்த மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். அலுவலகம் தொடங்கியபோது யாரோ எழுதியது. எழுதியவர் யாரென்றுகூட எங்களுக்குத் தெரியாது. மழை எப்படி மேலிருந்து கீழே விழுகிறதோ, அப்படி அது ஒரு விதி, அவ்வளவுதான்.

அவளுடைய அப்பா எங்கள் பிட்டர். தெருவில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்துத் தோண்டிச் சரிசெய்வது அவர் வேலை. நீளமான இரும்புக் கம்பியின் ஒரு முனையை வால்வு மேல் வைத்து, மறு முனையைக் காதில் வைத்துக் கேட்பார். மண்ணுக்குள்ளே தண்ணீர் கசியும் சத்தம் அவருக்குக் கேட்கும். அதனால் அலுவலகமே அவரை ‘ஸ்டெத்து’ என்றுதான் கூப்பிடும். நான் அண்ணே என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். அந்தக் கணக்கில் அவர் மகளுக்கு நான் அத்தை.

மகளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் ஸ்டோர் ரூமுக்கு வந்துவிடுவாள். அம்மா துணி தைக்கும் கம்பெனியில் சட்டைக் காலர் தைப்பவள், ஆறு மணிக்குத்தான் வருவாள். அதுவரை இந்தப் பெண் வளையங்களுக்கும் ரப்பர் வாஷர் மூட்டைகளுக்கும் நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். எழுதி முடித்ததும் பழுது பதிவேட்டை எடுத்து வைத்துக்கொள்ளும். எந்தத் தெரு, எந்த இடம், என்ன உடைந்தது என்று அதில் எழுதியிருக்கும். பழைய பில் தாள்களின் பின்பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டி, சுவர் அகலத்துக்கு ஒரு காகிதம் செய்துவைத்திருந்தாள். அதில் ஊரை வரைந்து, உடைந்த இடங்களிலெல்லாம் பென்சிலால் புள்ளி வைப்பாள். ஜாயின்ட் விட்டுப்போனால் சிவப்பு, துரு பிடித்து ஓட்டை விழுந்தால் பச்சை.

“இன்னிக்கு எங்க உடைஞ்சுதுப்பா?” என்று கேட்பாள் அப்பா வந்ததும்.

“மருந்துக்கடைக்கு எதிர்ல. கரன்ட் கம்பத்துக்குப் பக்கத்துல.”

“கம்பத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? எத்தனை அடி?”

அவர் முழிப்பார். கொஞ்ச நாளில் மனிதர் பள்ளத்தை மூடியதும் காலடி வைத்து அளக்கத் தொடங்கிவிட்டார். கூட வேலை செய்பவர்கள் சிரித்தால், “உங்களுக்கென்ன, எனக்கு வீட்டுக்குப் போனா விசாரணைக் கமிஷன் இருக்கு” என்பார். அன்றிலிருந்து அவளுக்கு ‘மேப்பு’ என்று பெயர் விழுந்தது. பள்ளிக்கூடத்து ஆசிரியர்களுக்குத் தவிர வேறு யாருக்கும் அவளுடைய உண்மையான பெயர் ஞாபகமிருந்ததாகத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் மேப்பு வாங்கிய மதிப்பெண்ணைக் கேட்டு அலுவலகம் அரைநாள் வேலையை மறந்தது. சிவிலில் இடம் கிடைத்துவிட்டது. அந்த வருடம் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக்கூடிய பிள்ளைகளில் அவளுக்குப் பக்கத்தில்கூட யாரும் வரவில்லை. இதுவரை அந்த உதவித்தொகை பொறியாளர்கள் வீட்டுக்கும் எங்களைப் போன்ற மேசைக்காரர்கள் வீட்டுக்கும்தான் போயிருந்தது. தோண்டுகிறவர்கள் வீட்டுக்குப் போனதில்லை. அதனால் பிட்டர்களெல்லாம் தங்கள் வீட்டுப் பிள்ளைக்கே கிடைத்த மாதிரி நடந்துகொண்டார்கள். அண்ணன் ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கிவந்து ஒவ்வொரு மேசையாக நீட்டினார். யூனிபார்மில் சேறு காய்ந்துபோயிருந்தது. பிஸ்கட்டில் கை படாமல் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மேப்பு விண்ணப்பத் தாளை வாங்க வந்தாள். என் மேசையருகிலேயே நின்று எழுதினாள். பாதியில் பேனாவை நிறுத்தினாள்.

“அத்தை, பாடப்பிரிவுன்னு ஒரு கட்டம் இருக்கே. இதுல நான் படிக்கப்போறதத்தானே எழுதணும்?”

“வேற எதை எழுதுவ? சிவில்னு எழுது.”

அவள் புவியியல் என்று எழுதினாள். கையெழுத்து போட்டு என் பக்கம் தள்ளினாள்.

முதலில் தவறி எழுதிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். வேறு தாள் எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

“சிவில் வேண்டாம்னு சொல்லிட்டேன் அத்தை. காலேஜ்ல போய்ப் பாடத்திட்டத்தை வாங்கிப் பாத்தேன். நாலு வருஷத்துல நிலத்த அளக்கறதுக்கு ஒரே ஒரு பேப்பர். மத்ததெல்லாம் கட்டறது. எனக்குக் கட்டறதுல ஆசை இல்ல. எது எங்க இருக்கு, ஏன் அங்க இருக்கு, அதுதான் தெரியணும்.”

“அதுக்கு உதவித்தொகை கிடையாதும்மா. விதியில இல்ல.”

“தெரியும்.”

தெரிந்துதான் வந்திருக்கிறாள். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். எந்தெந்த அறக்கட்டளை, எந்தெந்தக் கம்பெனி, எந்தெந்தச் சங்கம் என்று இருபத்து மூன்று உதவித்தொகைகளை விசாரித்து எழுதிவைத்திருந்தாள். அதில் பதினேழு பொறியியலுக்கு. நான்கு மருத்துவத்துக்கு. எந்தப் பாடமானாலும் சரி என்பது இரண்டே இரண்டு. அதிலும் ஒன்று ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கியவர்களுக்கு. “நான் ஓடினா பஸ்ஸுக்குத்தான் ஓடுவேன்” என்றாள்.

நான் ஒரு அத்தையாக என் கடமையைச் செய்தேன். “பணம் தர்ற பாடத்தை இப்ப படி. பிடிச்சத அப்புறமா படிச்சுக்கலாம்” என்றேன்.

“அப்புறம்னா எப்ப அத்தை?”

என் விஷயத்தில் அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை. எனக்குத் தாவரவியல் பிடிக்கும். வணிகவியலுக்கு உதவித்தொகை இருந்தது, வணிகவியல் படித்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து, ‘தாங்கள் தேர்ந்தெடுத்த பாடப்பிரிவு விதி ஐந்தின் பட்டியலில் இல்லை’ என்று டைப் செய்து திருப்பி அனுப்பினேன். அந்த வருடத்துத் தொகை கணக்குப் பிரிவுக்காரர் மகளுக்குப் போனது. மெக்கானிக்கல். நல்ல பெண்தான், குறைசொல்ல ஒன்றுமில்லை.

அலுவலகத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள். வீடு தேடி வந்ததை எட்டி உதைத்துவிட்டாள், படித்த திமிர், அப்பன் இடம் கொடுத்துவிட்டான். பிட்டர்களுக்குத்தான் கோபம் அதிகம். பிஸ்கட் தின்றவர்களல்லவா. அண்ணன் ஒருநாள் என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“நான் சொல்லிப் பாத்துட்டேன் தங்கச்சி. அவ அம்மாகிட்ட போய் நீயாவது சொல்லுன்னேன். அதுக்கு அவ அம்மா என்ன சொல்றா தெரியுமா? படிக்கப்போறது அவ, பரீட்சை எழுதப்போறது அவ, நடுவுல நமக்கென்ன வேலைங்கறா.”

“நீங்க என்ன நினைக்கறீங்க அண்ணே?”

அவர் கொஞ்சநேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பயமா இருக்கு. ஆனா இத்தனை நாள்ல அவ வெச்ச ஒரு புள்ளியும் தப்பா இருந்ததில்ல.”

மேப்பு கல்லூரியில் சேர்ந்தாள். எந்தப் பாடத்துக்கும் கிடைக்கும் அந்த ஒரு உதவித்தொகை கிடைத்தது. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் சரியாக இருந்தது. மீதிக்கு அண்ணன் விடுமுறை நாளிலும் வேலைக்கு வந்தார். அம்மா காலர் மூட்டையை வீட்டுக்கும் கொண்டுபோனாள். மேப்பு சாயங்காலங்களில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றாள். கட்டட வரைபடங்களைப் பெரிதாக்கிப் பிரதி எடுக்கும் இயந்திரம் அங்கே இருந்தது. அந்த வேலையை அதற்காகத்தான் பிடித்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. கல்லூரியில் கணினியில் நிலப்படம் போடக் கற்றுக்கொண்டு, சுவர் அகலக் காகிதத்தில் இருந்த புள்ளிகளையெல்லாம் அதற்குள் ஏற்றினாள். சனிக்கிழமைகளில் ஸ்டோர் ரூமுக்கு வந்து பதிவேட்டில் விட்டுப்போனதை எழுதிக்கொண்டு போவாள். ஸ்டோர் கீப்பர் அவளுக்கென்று ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்திருப்பார்.

இரண்டாம் வருடம் மறுபடியும் விண்ணப்பம் வந்தது. அதே பாடம். ‘சென்ற ஆண்டு தெரிவித்த காரணம் அப்படியே உள்ளது’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். நாலு நாளில் ஒரு தபால் அட்டை வந்தது. ‘என் காரணமும் அப்படியே உள்ளது.’ அவ்வளவுதான் எழுதியிருந்தாள். கோப்பில் வைப்பதா, கிழிப்பதா என்று தெரியாமல் என் டிராயரில் போட்டுக்கொண்டேன். ஒரு பக்கம் எரிச்சல்தான். இன்னொரு பக்கம், டிராயரைத் திறக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்த்தேன்.

அந்த வருடத் தேர்வு முடிந்த சமயத்தில்தான் ஆஸ்பத்திரி ரோட்டில் தண்ணீர் நின்றது. சொட்டுத் தண்ணீர் வரவில்லை. இருநூறு படுக்கை உள்ள ஆஸ்பத்திரி. லாரியில் கொண்டுபோய் ஊற்றினோம், போதவில்லை. மெயின் குழாய் எங்கேயோ உடைந்திருக்கிறது. அலுவலக வரைபடத்தில் அது ரோட்டின் நட்டநடுவில் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது. அந்தக் கோட்டின் மேல் மூன்று இடத்தில் தோண்டினார்கள். மூன்றிலும் மண்தான் வந்தது. அண்ணன் கம்பியை வைத்துக் கேட்டார். ஜெனரேட்டர் சத்தத்திலும் ஆம்புலன்ஸ் சத்தத்திலும் அவர் காதுக்கும் ஒன்றும் எட்டவில்லை. மூன்றாம் நாள் காலை பெரிய மேடமே ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். எங்கள் தலைமைப் பொறியாளர். மேடம் காரைவிட்டு இறங்கினாலே ஆட்கள் சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பார்கள்.

அண்ணன் தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னார். “மேடம், என் பொண்ணு ஒரு மேப்பு வெச்சிருக்கு. பாக்கறீங்களா?”

வேறு நாளாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ. அன்றைக்கு “வரச் சொல்லுங்க” என்றார்கள். நான் அலுவலகத்திலிருந்து போன் போட்டேன். மேப்பு ஜெராக்ஸ் கடையிலிருந்து சுருட்டிய தாளோடு வந்தாள். கையில் இன்க் கறை. ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை விரித்து, நாலு மூலையிலும் நாலு கல்லை வைத்தாள். நானும் பின்னாலேயே போயிருந்தேன். கோப்பில் இல்லாத ஒன்றைப் பார்க்க நான் அலுவலகத்தைவிட்டு வெளியே வந்தது அதுவே முதல் தடவை.

“மேடம், இது பத்து வருஷத்துல இந்த ரோட்டுல நடந்த எல்லா பழுதும். உங்க வரைபடத்துல குழாய் நேராப் போகுது. ஆனா இங்க பாருங்க, ஆஸ்பத்திரி சுவர்கிட்ட வந்ததும் ஒரு புள்ளிகூட அந்தக் கோட்டு மேல இல்ல. எல்லாம் இடதுபக்கமா வளைஞ்சு, ஆஸ்பத்திரி லேபுக்குப் பின்னால போய், மறுபடியும் ரோட்டுக்கு வருது. குழாய் இல்லாத இடத்துல குழாய் உடையாது.”

பொறியாளர் ஒருவர், “அதெல்லாம் வீட்டு இணைப்புன்னு பதிவேட்டுல இருக்கேம்மா” என்றார்.

“ஆமா சார். ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆளுங்க தோண்டியிருக்காங்க. ஒவ்வொருத்தரும் ஒரு உடைப்பத்தான் பாத்தாங்க. சேத்துப் பாக்கல. அந்தப் பக்கம் வீடே கிடையாது சார். அப்புறம் எப்படி வீட்டு இணைப்பு வரும்? ரோட்ட அகலப்படுத்தினப்போ மெயினைத் தள்ளிப் போட்டிருக்காங்க. வரைபடத்துல மாத்தல.”

மேடம் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு நிமிர்ந்து, “எங்க தோண்டணும்?” என்று கேட்டார்கள்.

அவள் லேபுக்குப் பின்னால் போய், காலடி அளந்து, ஒரு இடத்தில் நின்றாள். அவள் நின்ற இடத்தில் அண்ணன் கம்பியை ஊன்றி, காதை வைத்தார். கண்ணை மூடினார். அங்கே சத்தம் குறைவு. திறந்தபோது கண் கலங்கியிருந்தது. “கேக்குது” என்றார்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் உடைப்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் ஏறியது.

மறுநாள் மேடம் என்னைக் கூப்பிட்டார்கள். மேப்பும் அங்கே உட்கார்ந்திருந்தாள். “இந்தப் பொண்ணுக்கு நம்ம உதவித்தொகை வருதா?” என்றார்கள்.

“இல்லீங்க மேடம். ரெண்டு தடவை நிராகரிச்சாச்சு.”

“யாரு நிராகரிச்சது?”

“நான்தான் மேடம். விதி ஐந்து.”

மேடம் என்னைக் கோபிக்கவில்லை. “சரி, சிறப்பு அனுமதின்னு ஒரு குறிப்பு எழுதுங்க. நான் கையெழுத்து போடறேன். மீதி வருஷத்துக்கு இவளுக்குக் குடுத்துடலாம்” என்றார்கள். நான் அப்பாடா என்று குறிப்பேட்டைத் திறந்துவிட்டேன்.

மேப்பு சொன்னாள்: “மேடம், தப்பா நினைக்காதீங்க. எனக்கு மட்டும்னா வேண்டாம். நேத்து குழாய் கிடைச்சதால எனக்குத் தரீங்க. கிடைக்காம இருந்தாலும் இந்தப் பாடம் இதே பாடம்தானே. முடிஞ்சா விதியில சேருங்க.”

“விதிய மாத்தணும்னா குழு கூடணும். அதுக்கு நாலஞ்சு மாசம் ஆகும். உனக்குக் கிடைக்காமலே போகலாம்.”

“பரவாயில்ல மேடம்.”

அம்மா கொண்டுவரும் காலர் மூட்டை அவள் மனதில் வராமல் இருந்திருக்காது. ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை. என் பணிக்காலத்தில், கிடைத்த உதவியை இப்படித் தள்ளிவைத்த ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதற்குப் பின்னும் இல்லை.

அன்று இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினேன். இதுவரை நான் எழுதிய குறிப்பெல்லாம் ‘இயலாது’ என்றுதான் முடியும். இது ‘சேர்க்கலாம்’ என்று முடிந்தது. நான்கு முறை திருத்தி எழுதினேன்.

குழுவில் ஐந்து பேர். நிதி அதிகாரி எதிர்த்தார். “இன்னிக்குப் புவியியல்னு வருவாங்க. நாளைக்கு வரலாறு, நாளான்னிக்கு சங்கீதம்னு வருவாங்க. கதவத் திறந்துட்டா மூட முடியாது” என்றார். மேப்பை விளக்கம் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். தன்னைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீரின் தரத்தைச் சோதிக்க வேதியியல் வேண்டும், கிணறு தோண்ட மண்ணியல் வேண்டும், எந்தத் தெருவுக்கு எவ்வளவு தேவை என்று சொல்லப் புள்ளியியல் வேண்டும், இந்த வேலைக்கெல்லாம் நீங்கள் ஆள் எடுக்கிறீர்கள், ஆனால் உங்கள் ஊழியர் பிள்ளைகள் அதைப் படித்தால் உதவி இல்லை என்கிறீர்கள் என்றாள். பாடப் பட்டியலையே எடுத்துவிட்டு, தான் படிப்பது இந்த அலுவலகத்துக்கு எப்படிப் பயன்படும் என்று மாணவரையே ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம் என்றும் கேட்டாள்.

அது நடக்கவில்லை. பட்டியல் பட்டியலாகவே இருந்தது. ஆனால் நான்கு பாடங்கள் அதில் ஏறின. புவியியல், மண்ணியல், வேதியியல், புள்ளியியல். அடுத்த கல்வியாண்டு முதல், புதிதாகச் சேருபவர்களுக்கு மட்டும் என்று முடிவானது. அதாவது மேப்புக்கு இல்லை.

தீர்மானத்தைப் பதிவு செய்தவள் நான். அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தேன். வெளியே வந்து அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், “நாலு பாடமும் ஏறிடுச்சா?” என்றாள். “ஏறிடுச்சு, ஆனா உனக்கு...” என்று நான் இழுத்தேன். அதை அவள் காதில் வாங்கவில்லை. போனை எடுத்து அப்பாவுக்குச் சொன்னாள். அடுத்த நிமிடம் ஸ்டோர் ரூமிலிருந்து கைதட்டும் சத்தம் மாடிவரை கேட்டது. பிஸ்கட் தின்றவர்கள்தான்.

மறுவருடம் அந்தத் தொகையை வாங்கியது எங்கள் கேன்டீன் அக்காவின் மகள். வேதியியல். இப்போது தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள்.

மேப்பு கடைசி வருடத்தையும் அதே ஜெராக்ஸ் கடை வேலையோடு முடித்தாள். கல்லூரியில் முதலிடம். மேற்படிப்பு என்று வந்தபோதுதான் காற்று திரும்பியது. தூரத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகம். நிலப்படவியலுக்கு உதவித்தொகையோடு ஆறு இடங்கள் வைத்திருந்தார்கள். பொறியியல் பக்கம் ஒரு இடத்துக்கு நூறு பேர் மோதிக்கொண்டிருக்க, இந்த ஆறுக்கு ஒன்பது பேர்தான் போட்டி. ஆஸ்பத்திரி ரோட்டுக் கதையை அவள் கட்டுரையாக எழுதி அனுப்பியிருந்தாள். முதலில் அழைத்தது அவளைத்தான். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அலுவலகத்தில் பெற்றோர்கள் வந்து எந்தப் பாடத்துக்கு உதவி அதிகம் என்று கேட்டால் அதன் பிறகும் உள்ளபடிதான் சொல்லி அனுப்பினேன். கூடவே, பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று சேர்த்துக்கொண்டேன்.

அவள் கிளம்பிய அன்று நானும் பஸ் நிலையம் போனேன். அம்மா அவளுடைய சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அண்ணன் பெட்டியைப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர், “பொண்ணு எங்க போகுது, டாக்டருக்கா, இன்ஜினியருக்கா?” என்று கேட்டார்.

“ரெண்டும் இல்லீங்க. புவியியல்.”

“அதுக்கு வேலை கிடைக்குங்களா?”

அண்ணன் பெட்டியைக் கீழே வைத்தார். அந்தப் பெரியவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். “உங்க பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் இருக்கு?” என்று கேட்டார்.

“அரை மணி நேரம் இருக்குங்க.”

“போதும்” என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி ரோட்டில் தண்ணீர் நின்ற அன்றிலிருந்து ஆரம்பித்தார்.